பல்லைச் செதுக்கிய பிறகு கேட்கப்படும் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் சென்ற வாரம் வேர் சிகிச்சை பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சொத்தை எப்படிப் பல்லின் நடுவே நரம்பிருக்கும் பற்கூழை எட்டுகிறது, வேர் நுனியில் சீழ் எவ்வாறு கட்டுகிறது, நரம்பை அகற்றிய பின் வேரின் குழாய்களை எப்படிச் சுத்தம் செய்து அடைக்கிறார்கள் என்பதையெல்லாம் தெளிவாக எழுதிய கட்டுரையாளர், ‘இதன் பிறகு பல்லுக்கு உறை போட்டுக்கொள்ள வேண்டும்’ என்று கடைசியில் ஒரே வரியில் முடித்துவிட்டார். நோயாளியின் செலவில் பெரும்பகுதியும் அந்தப் பல்லின் மிச்ச ஆயுளும் அந்த ஒரு வரிக்குள்தான் அடங்கிக் கிடக்கின்றன என்பதைச் சென்ற ஓராண்டில் என் வாயைக் கொடுத்துத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். சென்ற ஆண்டு கோகுலாஷ்டமிக்கு வீட்டில் செய்த சீடையைக் கடித்தபோது, கீழ்த்தாடையின் இடப்புறத்து முதல் கடைவாய்ப்பல் உடைந்தது. சீடையைக் குறை சொல்ல மாட்டேன். அது சீடையாகத்தான் இருந்தது, பல்தான் பல்லாக இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் அடைத்த வெள்ளி அடைப்பு அந்தப் பல்லின் நடுப்பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்ததால், சுற்றியிருந்த சுவர்கள் மெலிந்துபோய், நாக்குப் பக்கத்துச் சுவர் ஈறு வரைக்கும் பெயர்ந்து வந்துவிட்டது. மிஞ்சிய முனை சோற்றை மெல்லும்போதெல்லாம் நாக்கைக் கிழித்தது.

நான் முதலில் சென்ற மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உடைப்பு பற்கூழ் வரை போயிருப்பதால் ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சையைச் செய்ய வேண்டும் என்றும், அதற்கு ரூ.4,500 ஆகும் என்றும் சொன்னார்கள். உறை பற்றிக் கேட்டேன். “கேப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் சார், முதலில் வலி நிற்கட்டும்” என்றார் மருத்துவர். வலியில் இருப்பவனுக்கு அது நியாயமாகவே பட்டது. மூன்று தடவை போய்வந்ததில் வேர் சிகிச்சை குறையில்லாமல் முடிந்தது. நான்காம் தடவை ஊசி போட்டு, பல்லைச் சுற்றிலும் செதுக்கி, ஈற்றை விலக்கி வைக்க மெல்லிய நூலைச் செருகி, அளவு எடுக்க எல்லாம் ஆயத்தமாக இருந்த நேரத்தில், உதவியாளர் ஓர் அட்டையைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் நான்கு மாதிரிப் பற்கள் ஒட்டப்பட்டிருந்தன: உலோகம் ரூ.2,500, உலோகத்தின் மேல் பீங்கான் ரூ.4,500, சிர்கோனியா என்னும் வெண்ணிறக் கடும்பீங்கான் ரூ.9,000, அதிலேயே உயர்ரகம் ரூ.14,000. “எது போடலாம் சார்?”

பாதி முகம் மரத்துப்போய், எச்சிலை உறிஞ்சும் குழாய் உதட்டோரம் தொங்க, செதுக்கிய பல்லோடு மல்லாந்து படுத்திருப்பவன் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? பேசவே முடியாது. நான் மூன்றாவதை விரலால் சுட்டிக் காட்டினேன். அது கடைசிக்கு முந்தையதாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்கு இல்லை. கடையில் ஒரு நாலு முழ வேட்டி எடுக்கும்போதுகூட இதைவிட அதிகமாக விசாரித்திருப்பேன்.

நூல்களில் ‘பற்கிரீடம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஊரில் எல்லோரும் ‘கேப்’ என்கிறார்கள். முடிசூட்டு விழாவை நினைவூட்டும் முதற்சொல்லைவிட, தலையில் சும்மா கவிழ்த்து வைப்பது போன்ற இரண்டாம் சொல்லைவிட, ‘உறை’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில், அது பல்லின் ஈற்றுக்கு மேலுள்ள பகுதி முழுவதையும் எல்லாப் பக்கமும் சூழ்ந்து மூடுகிறது. ஆனால் வாளுக்கு உறை செய்வதற்கும் பல்லுக்கு உறை செய்வதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வாளின் அளவுக்கு உறையைச் செய்கிறோம்; பல்லிலோ உறைக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பல்லையே குறைக்கிறோம். அப்படிச் செதுக்கி எடுத்த எனாமலை உடல் மறுபடியும் உண்டாக்காது. செதுக்கிய பல் எந்நாளும் உறையோடுதான் வாழ வேண்டும்.

எவ்வளவு செதுக்க வேண்டும் என்பது உறையின் பொருளைப் பொறுத்தது என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். முழு உலோக உறை மெல்லியதாக இருந்தாலும் தாங்கும் என்பதால், பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர் அளவும், மெல்லும் பரப்பில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரையும் எடுத்தால் போதும். உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய உறைக்கு, உலோகம் ஒரு படலம், அதன் நிறத்தை மறைக்கும் பூச்சு ஒரு படலம், பீங்கான் ஒரு படலம் என்று மூன்றுக்கும் இடம் தேவைப்படுவதால், மெல்லும் பரப்பில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் வரைகூட எடுக்கிறார்கள். சிர்கோனியா இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அப்படியானால், எந்த உறை என்று தீர்மானித்த பிறகுதானே எவ்வளவு செதுக்குவது என்று தீர்மானிக்க முடியும்? செதுக்கி முடித்துவிட்டு அட்டையை நீட்டுவது வியாபார ஒழுங்கின்மை மட்டுமன்று, வேலையின் வரிசையே தலைகீழானது என்பதுதான் பொருள்.

இந்தப் பொருள்களின் கதையும் சுவையானது. கும்பகோணத்துக்காரன் என்பதால் சுவாமிமலை வார்ப்புக் கூடங்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். மெழுகில் உருவத்தைச் செய்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி உலர்த்தி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் மண்ணை உடைத்தெடுக்கிறார்கள் ஸ்தபதிகள். பல்லுக்கான உலோக உறையும் இதே முறையில்தான் பிறந்தது. மெழுகு வார்ப்பைத் தங்க அடைப்புகள் செய்யப் பயன்படுத்தும் வழியை அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் 1907இல் எடுத்துக்காட்டிய பிறகு, அது உலகெங்கும் பல் தொழிற்கூடங்களுக்குப் பரவியது. அச்சு உடைந்தால்தான் சிலை வெளியே வரும் என்பதால் ஒரு சிலையைப் போல் மறுசிலை அமையாது என்பார்கள். உறையும் அப்படியே, ஒருவரின் ஒரு பல்லுக்காகச் செய்தது மற்றெவருக்கும் பொருந்தாது. சிர்கோனியாவின் வழி வேறு. சுண்ணக்கட்டி போல மென்மையாக இருக்கும் வில்லையிலிருந்து கணினி இயக்கும் எந்திரம் உறையைக் கடைந்தெடுக்கிறது. ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது அது சுருங்கி இறுகும் என்பதால், முதலில் கால்வாசி அளவுக்குப் பெரிதாகவே கடைகிறார்கள். இவ்வளவு நுட்பமும் கைத்திறனும் அடங்கிய பொருளை ‘நாலில் ஒன்று’ என்று அட்டையில் ஒட்டிக் காட்டுவது, செய்பவருக்கும் மரியாதையன்று.

விலை கூடியதுதான் சிறந்தது என்று அந்த அட்டை சொல்லாமல் சொல்லியது. அது உண்மையன்று. சிரித்தால் தெரியாத கீழ்க் கடைவாய்க்கு உலோக உறை இன்றைக்கும் நல்ல தேர்வுதான்: குறைவாகச் செதுக்கினால் போதும், பீங்கான் போலச் சில்லு பெயராது. நிக்கல் கலந்த உலோகம் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், மலிவான காது வளையமோ கைக்கடிகாரப் பட்டையோ பட்டு அரிப்பெடுத்தவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முன்பற்களுக்கு நிறமும் ஒளி ஊடுருவும் தன்மையும் முக்கியம் என்பதால் அங்கே பீங்கான் வகைகள் வேண்டியிருக்கும். எல்லா வேர் சிகிச்சைக்கும் உறை கட்டாயமும் இல்லை. சிறிய துளை மட்டும் போட்டுச் சரிசெய்த முன்பல்லுக்குப் பல் நிறத்து அடைப்பே போதுமானதாகலாம். கடைவாய்ப்பல்லின் நிலைமை வேறு. வேரின் வாய்களை எட்டுவதற்காக அதன் கூரையைப் பிரித்தாக வேண்டும். கூரை போன வீட்டின் சுவர்களைப் போல, ஒவ்வொரு கடிக்கும் பக்கங்கள் வெளிநோக்கி வளைகின்றன. ‘நரம்பு போனதால் பல் காய்ந்துவிடும்’ என்று பலர் நம்புகிறார்கள். காய்வதைக் காட்டிலும், பல்லின் உடம்பு குறைந்துபோவதே அது பிளக்க முதற்காரணம்.

இதற்குச் சான்று எனக்குப் பழக்கமான தையற்காரர் ஒருவர். மேல்தாடைக் கடைவாய்ப்பல்லுக்கு ரூ.4,000 கொடுத்து வேர் சிகிச்சை செய்துகொண்டார், வலி போய்விட்டது. உறைக்கு மேலும் ரூ.5,000 ஆகும் என்பது அதன் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தீபாவளி முடியட்டும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். எட்டு மாதம் கழித்துச் சோற்றில் கிடந்த சிறு கல் ஒன்றைக் கடித்ததில் பல் மேலிருந்து வேர் வரைக்கும் நெடுக்குவாட்டில் பிளந்துவிட்டது. அப்படிப் பிளந்த பல்லை ஒட்ட வழியில்லை, பிடுங்கிவிட்டார்கள். ரூ.4,000 போயிற்று, பல்லும் போயிற்று. மொத்தம் ரூ.9,000 என்று முதல் நாளே சொல்லியிருந்தால், ஒன்று அவர் சீட்டுப் பணத்தை அதற்காக ஒதுக்கியிருப்பார், அல்லது தொடக்கத்திலேயே பல்லை எடுத்துவிட்டு அந்த ரூ.4,000-ஐ மிச்சப்படுத்தியிருப்பார். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அது அவருடைய முடிவாக இருந்திருக்கும். பாதி விலையைச் சொல்லித் தொடங்கிய சிகிச்சை அந்த முடிவை அவரிடமிருந்து பறித்துக்கொண்டது என்பதே என் புகார்.

அரசு மருத்துவமனையிலாவது வழி உண்டா என்று அவருக்காக விசாரித்தேன். பல் பிடுங்குவார்கள், அடைப்பார்கள், வேர் சிகிச்சையும் செய்வார்கள். உறை செய்யும் தொழிற்கூடம் இல்லாததால் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும் சிதம்பரத்திலும், 2023இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. கும்பகோணத்திலிருந்து சிதம்பரம் சுமார் 70 கிலோமீட்டர். செதுக்கி அளவெடுக்க ஒரு நாள், பொருத்திப் பார்க்க ஒரு நாள், ஒட்டவும் கடியைச் சரிபார்க்கவும் ஒரு நாள் என்று மூன்று நாள் கூலியை இழக்க ஒரு தையற்காரரால் முடியுமா? மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் உலோக உறை வார்ப்பதற்கான சிறு தொழிற்கூடத்தையும் பயிற்சி பெற்ற பல் தொழில்நுட்பர் ஒருவரையும் ஏற்படுத்துவது அரசுக்குப் பெரும் சுமையாகாது. அரசுச் செலவில் செய்த வேர் சிகிச்சை உறையில்லாமல் பிளந்துபோனால், அந்தச் செலவும் வீண்தானே. தனியார் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை விபத்தில் உடைந்த பல்லைத் தவிர மற்றவற்றுக்குப் பணம் தருவதில்லை. சீடை விபத்துக் கணக்கில் சேராது போலும்.

சட்டத்தின் துணை இல்லாத கோரிக்கையை நான் வைக்கவில்லை. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2008 ஜனவரியில், வயிற்று அறுவை ஒன்றைப் பற்றிய சமீரா கோலி வழக்கில், சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளிக்குப் போதிய அளவு விளக்கிய பின் பெறும் சம்மதமே சம்மதம் என்றும், ஒன்றுக்குக் கொடுத்த சம்மதத்தைக் கொண்டு வேறொன்றைச் செய்யலாகாது என்றும் அதே நீதிமன்றம் கூறியது. வயிற்று அறுவைக்குச் சொன்ன அந்த நியாயம் பல் நாற்காலிக்கும் பொருந்த வேண்டும். கட்டணத்தைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவர் அறிவிக்க வேண்டும், சிகிச்சையின் நடுவிலன்று என்று 2002இல் வந்த மருத்துவ ஒழுக்க விதிகளும் கூறுகின்றன. மரத்த வாயின் முன் நீட்டிய அட்டையை இந்த அளவுகோல்களில் எதனால் அளந்தாலும் அது தேறாது.

பல் மருத்துவர்களின் பக்கத்தையும் கேட்டேன். என் பழைய மாணவர்கள் இருவர் அத்தொழிலில் இருக்கிறார்கள். முழுத் தொகையை முதல் நாளே சொன்னால் நோயாளி எழுந்து போய்விடுகிறார், அடுத்த தெருவில் ‘ரூட் கெனால் மட்டும்’ என்று குறைத்துச் சொல்பவரிடம் உட்கார்ந்துவிடுகிறார் என்பது அவர்களுடைய ஆதங்கம். நாற்காலிக்கும் எக்ஸ்ரே கருவிக்கும் வாங்கிய கடன், தொழிற்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம், வாடகை என்று அவர்கள் சொன்ன கணக்கும் பொய்யில்லை. ஆனால் உண்மையைச் சொல்பவர் நோயாளியை இழக்கிறார் என்றால், அதற்கு மருந்து எல்லோரும் பாதியைச் சொல்வதன்று, எல்லோரையும் முழுவதையும் எழுதிக் கொடுக்கச் செய்வதே. ஒருவர் மட்டும் எழுதிக் கொடுத்தால்தான் அவருக்கு நட்டம். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1997ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. பதிவுச் சான்றை வழங்கும்போதே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க நல்வாழ்வுத் துறை முன்வர வேண்டும்.

என் உறையின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஒட்டும் நாளிலும் அவசரம் கூடாது. பத்து நாள் கழித்து உறை வந்தது. மருத்துவர் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி ஒரு முறை பார்த்துவிட்டு ஒட்டினார். அந்தப் பக்கம் மட்டும் முதலில் முட்டுவதாகச் சொன்னேன். “இரண்டு நாளில் பழகிவிடும் சார்.” பழகவில்லை. உயரம் கூடிய உறை பழகாது; மற்றப் பற்கள் சேர்வதற்கு முன்பே எதிர்ப்பல்லை இடித்துக்கொண்டிருக்கும். மூன்று வாரத்தில் காதடியில் தாடை மூட்டு வலிக்கத் தொடங்கியது. இரண்டாவதாக நான் சென்ற மருத்துவர் தாளை நாலைந்து முறை கடிக்கவைத்து, கறை பட்ட இடத்தில் மயிரிழை அளவு தேய்த்து, தேய்த்த இடத்தைப் பளபளப்பாக மெருகேற்றியும் விட்டார். சிர்கோனியா மிகக் கடினமானது என்பதால், மெருகேறாத சொரசொரப்பு எதிர்ப்பல்லை அரம் போல அராவும் என்று அவர் விளக்கினார். இந்தப் பல்லுக்கு உலோகமே போதும், இன்னும் கொஞ்சம் பல் மிஞ்சியிருக்கும் என்றும் சொன்னார். முன்னவரைப் பற்றி வேறொரு சொல் சொல்லவில்லை. அந்தப் பண்பு எனக்குப் பிடித்திருந்தது.

முதல் மருத்துவமனையில் ‘பத்தாண்டு உத்தரவாதம்’ என்று பொன்னிறத்தில் அச்சிட்ட ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். பின்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது, உறை உடைந்தால் மட்டுமே அது செல்லும், உள்ளிருக்கும் பல் சொத்தையானால் செல்லாது என்றிருந்தது. உறைக்குச் சொத்தை வராது. உறையின் விளிம்பும் பல்லும் சேரும் கோட்டில்தான் வரும், அதுவும் நரம்பில்லாத பல் என்பதால் வலிக்காமலே வரும். ஆகவே அந்த விளிம்பை நாள்தோறும் துலக்குவதும், இடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்வதும், ஆண்டுக்கொரு முறை காட்டுவதும்தான் மெய்யான உத்தரவாதம். உறை கழன்று விழுந்தால் அதைக் கழுவிச் சிறு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பெட்டிக்கடையில் விற்கும் உடனடிப் பசையால் தாமே ஒட்டிக்கொண்டு, உறை கோணலாக அமர்ந்து அவதிப்பட்ட உறவினர் ஒருவர் எனக்கு உண்டு. பெயரைச் சொன்னால் வீட்டுக்கு வர மாட்டார்.

இப்போது மேல்தாடையில் இன்னொரு பழைய அடைப்பும் விரிசல் கண்டிருக்கிறது. இம்முறை நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, இரண்டாம் மருத்துவரிடம் நானே அரைப் பக்கத்தில் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தேன். என்ன சிகிச்சை, உறை தேவையா, தேவையென்றால் ஏன், எந்தப் பொருள், அதற்கு எவ்வளவு செதுக்க வேண்டும், உறையையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு, உறை போடாவிட்டால் என்ன ஆகும், எந்தத் தொழிற்கூடத்தில் செய்யப்படுகிறது, உத்தரவாதம் எதற்கு என்பவையே அதில் இருந்த கேள்விகள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் தமிழிலேயே நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, அந்தத் தாளை ஒரு படியெடுத்து வைத்துக்கொண்டார்; மறுமுறை போனபோது அதை அச்சடித்து வரவேற்பு மேசையில் அடுக்கி வைத்திருந்தார். அதில் ஒன்றை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். நலவாழ்வுப் பக்கத்தில் இடமிருந்தால், வாசகர்கள் வெட்டி எடுத்துச் செல்ல வசதியாகக் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்,
கும்பகோணம்.